சாமிக்குத்தானே, ஒரே ஒரு பூ!



2018-ல் மூணாறு பக்கத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். ஆகஸ்ட் மழை வெள்ளம் ஓய்ந்திருந்த நேரம். 12 வருஷத்துக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி ராஜமலைச் சரிவில் பூத்திருந்தது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடி மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. புல்மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் சோலைக்காடு. பாதை ஓரமாகவே பயமில்லாமல் மேயும் வரையாடுகள். மலை நிலத்துக்குத் தெய்வம் சேயோன் என்று தொல்காப்பியம் சொல்வது ஏன் என்று அங்கே நின்றால் புரியும்.

கிளம்பும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு குறிஞ்சிப் பூ கொண்டு வாப்பா, முருகன் படத்துக்கு வைக்கணும்." அடுத்த பூப்பு 2030-ல். அதுவரை தான் இருக்கமாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

கை நீட்டினேன். "பறிக்கக்கூடாதுங்க" என்றார் காவலர். "சாமிக்குத்தாங்க" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குக் கோபம். ஒரு பூவில் என்ன குறைந்துவிடும்?

இறங்கும்போது யோசித்தேன். வீட்டு அரளியைத் தினமும் பறிக்கிறோம், நாளைக்கும் பூக்கும். குறிஞ்சிச் செடி அப்படி இல்லை. வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை விட்டு, பட்டுப்போகும். அந்த விதைதான் அடுத்த 12 வருஷம். அன்றைக்கு வந்த அத்தனை பேரும் 'ஒன்றுதானே' என்று நினைத்திருந்தால்?

இன்னொன்றும் உறைத்தது. காணிக்கை என்றால் நம்முடையதைக் கொடுப்பது. அவன் மலையில் பூத்ததைக் கிள்ளி அவனுக்கே கொடுத்தால் அதில் நான் கொடுத்தது என்ன? பறிக்கும் ஆசையை விட்டிருந்தால், அது ஒன்றுதான் என்னுடையது.

வெறுங்கையோடு வீடு வந்தேன். அம்மா போனில் இருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லா இருக்கு" என்றார். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது, பொய் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வலிக்காமல் இல்லை.

வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், அந்தப் பூங்காவை மூடிவிடுவார்கள். கோயிலில் நடை சாத்தியிருந்தால் நாம் சண்டையா போடுகிறோம்? வெளியே நின்று கும்பிட்டு வருகிறோம். மலைக்கும் அதே மரியாதைதான்.

2030-ல் முருகன் அழைத்தால் போவேன். அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரும்புவேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!