ஒன்றைக் கொன்று பலவற்றைக் காக்கலாமா?

வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் ஆலையும் சாலையும் வணிகமும் பெருகுவதையே நம் உள்ளம் எண்ணுகிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் நாட்டுப்புறத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் கொடுக்க முயன்று வருகின்றனர். அப்பகுதியின் ஆட்சி மன்றம் 2015 முதல் 2065 வரை ஐம்பதாண்டுக் காலத்துக்கு ஒரு திட்டம் வகுத்து, அதற்குச் 'சுற்றுச்சூழல் வளர்ச்சி' என்று பெயரிட்டது. எஞ்சியிருக்கும் காட்டையும் கரையையும் காப்பது மட்டும் போதாது. இழந்தவற்றை மீட்டு, முன்னிலும் மிகுதியாகப் பெருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. தீங்கு செய்யாதிருத்தல் ஒரு படி. செய்த தீங்கைச் சரிசெய்தல் அதற்கு மேற்படி. இக்கருத்தில் குறை காண நமக்கு இடமில்லை.

இப்பணியை எந்த ஒரு துறையும் தனித்துச் செய்ய இயலாது என்பதால், கார்ன்வாலுக்கும் அதன் மேற்கே கடலில் உள்ள சில்லித் தீவுகளுக்கும் பொதுவாக ஓர் இயற்கைக் கூட்டமைப்பு ஏற்பட்டது. உழவர், நிலவுடைமையாளர், ஆட்சி மன்றத்தார், அறக்கட்டளையினர், அறிவியலார் முதலியோர் அதில் கூடி அமர்கின்றனர். 2010ஆம் ஆண்டில் பேராசிரியர் ஜான் லாட்டன் தலைமையிலான குழு அந்நாட்டின் காப்பிடங்களை ஆராய்ந்து, அவை சிறியனவாகவும் ஒன்றோடொன்று தொடர்பற்றுச் சிதறியும் கிடக்கின்றன என்று கூறியது. அதன் பின்னரே இத்தகைய கூட்டு முயற்சிகள் வேகம் பெற்றன. 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி இங்கிலாந்து முழுவதும் 48 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனக்கென இயற்கை மீட்புத் திட்டம் வகுக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. அதற்கு முன்னோட்டமாக 2020இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பகுதிகளுள் கார்ன்வாலும் ஒன்று.

இவையெல்லாம் ஆட்சியாளர் செய்தி. நம் பத்திரிகையில் இதனை எழுதக் காரணம், அந்தச் சில்லித் தீவுகளில் நடந்த ஒரு மீட்புப் பணி அகிம்சையை உயிராகக் கொண்டவர் முன் கடினமான வினா ஒன்றை வைப்பதே.

செயின்ட் ஆக்னஸ் என்பது நூறு பேருக்கும் குறைவான மக்கள் வாழும் சிறு தீவு. கடல் வற்றும் வேளையில் ஒரு மணல் திட்டின் வழியே கியூ என்னும் தீவுக்கு நடந்து செல்லலாம். இத்தீவுகளில் மாங்ஸ் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவை நிலத்தில் வளை அமைத்து முட்டையிடும். ஆண்டுக்கு ஒரே முட்டை. குளிர்காலத்தில் தென் அமெரிக்கக் கடற்பகுதி வரை பறந்து சென்று, மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். ஐம்பதாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்த பறவைகளும் பதிவாகியுள்ளன. ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் உயிருக்கு அந்த ஒன்றையும் இழப்பது எத்தகைய இழப்பு! வளைக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்றவை பழுப்பு எலிகள். அவை அத்தீவுக்குரியவை அல்ல. மனிதரின் கப்பல்களோடு வந்து சேர்ந்தவை.

2013ஆம் ஆண்டின் இறுதியில், தீவு மக்கள் அனைவரின் இசைவோடு, பறவைக் காப்புச் சங்கமும் தீவுகளின் வனவிலங்கு அறக்கட்டளையும் பிறரும் கூடித் தீவெங்கும் நஞ்சு கலந்த இரை வைத்தனர். சுமார் 3,000 எலிகள் மடிந்தன. 2014இலேயே ஷியர்வாட்டர் குஞ்சுகள் வளைக்கு வெளியே காணப்பட்டன. அத்தீவில் வாழ்வோர் நினைவுக்கு எட்டிய காலத்தில் அது முதன்முறை. 2016இல் இரு தீவுகளும் எலியற்றவை என அறிவிக்கப்பட்டன. இதே முறை முன்னரே கையாளப்பட்ட லண்டித் தீவில் 2001இல் சுமார் 300 இணைகளாக இருந்த ஷியர்வாட்டர், 2018க்குள் 5,500 இணைகளுக்கு மேல் பெருகியது.

பலனைப் பார்ப்போர் இதனைப் பெரும் வெற்றி என்பர். பறவை பெருகியது மெய்யே. ஆனால் செயலைப் பார்ப்போர் என் சொல்வது?

இல்லறத்தார்க்குரிய இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்தனர். சமைத்தல், துப்புரவு செய்தல் போன்றவற்றில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்யோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி இம்சை. கொல்ல வேண்டும் என்று துணிந்து செய்வது சங்கல்ப இம்சை. முதல் மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும்; நான்காவதை அறவே விடுதல் சிராவகர் கடமை. தீவில் எலிகளுக்கு நேர்ந்தது எந்த வகை? பறவைகளின் பொருட்டுச் செய்த தற்காப்பு, எனவே விரோதி இம்சை என்று சிலர் வாதிக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எலி எவர் மீதும் பகை கொண்டு படையெடுக்கவில்லை, பசித்துத் தின்றது. அதன் கடைசி உயிர் வரை அழிக்க நாள் குறித்துத் திட்டமிட்டது சங்கல்பம் அன்றி வேறென்ன?

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் அமிர்தசந்திர ஆசாரியர், தாம் அருளிய புருஷார்த்த சித்தியுபாயத்தில் இவ்வினாவை நேராகவே எடுத்துக்கொண்டார். கொல்லும் இயல்புடைய ஓர் உயிரைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்கும் என்று எண்ணியும் கொல்லலாகாது என்பது அவர் முடிவு. அந்த உயிர் மேலும் பாவம் சேர்க்காதிருக்கட்டும் என்ற இரக்கத்தால் கொல்வதையும் அவர் ஏற்கவில்லை. தீவின் கடற்பறவைகளை அவர் அறியார். ஆயினும் அவர்களது வாதத்தை அறிந்து மறுத்தவர் போலவே எழுதியிருக்கிறார்.

எனினும் அந்நூல் அத்துடன் நம்மை விட்டுவிடவில்லை. இம்சை செய்யாமலே இம்சையின் பயனை ஒருவன் அடையலாம் என்றும் அதிலேயே கூறப்பட்டுள்ளது. 'நாங்கள் எலியைத் தொடமாட்டோம்' என்று கை கட்டி நின்றுவிட்டால், ஆண்டுதோறும் வளைக்குள் இறக்கும் குஞ்சுகளுக்கு யார் பொறுப்பு? தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது 'பிரமத்த யோகம்' என்பதை முதலில் வைக்கிறது. (நாம் இன்று எதையும் பாராட்டப் 'பிரமாதம்' என்கிறோம், சாத்திரத்தில் அச்சொல் சோர்வையும் கவனமின்மையையும் குறிப்பது. மொழி எப்படியெல்லாம் தடம் மாறுகிறது!) இத்தீவுகளின் முதல் இம்சை 2013இல் நடந்ததன்று. சரக்கோடு எலி இறங்குகிறதா என்று பாராமல் கப்பலைக் கரையில் கட்டிய நாளிலேயே அது தொடங்கிவிட்டது. அந்தச் சோர்வின் விலையை முதலில் பறவைகள் கொடுத்தன. பிறகு எலிகள் கொடுத்தன. சோர்ந்த மனிதன் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை.

எலிகளை உயிரோடு பிடித்து வேறிடம் கொண்டு விடலாகாதா என்று கேட்பீர்கள். எங்கே விடுவது? அவ்விடத்தும் கூடுகள் உண்டு. இனப்பெருக்கத்தைத் தடுக்கும் இரை அமெரிக்காவில் 2016 முதல் அனுமதி பெற்றுள்ளது. அது எண்ணிக்கையைக் குறைக்க உதவும். ஒரு தீவையே எலியற்றதாக்க இன்றளவும் கையாளப்படுவது நஞ்சுதான். ஆகவே இம்சையற்ற எளிய வழியொன்று அவர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதை விட்டார்கள் என்று நாம் குறை சொல்வதற்கில்லை. நம்முள் பலர் நெல் விளைவிக்கும் குடும்பத்தினர். வரப்பில் எலி வளையைக் கண்டு என்ன செய்வது என்று நின்றவர்கள். அவர்களுக்கு இது அயலார் வினா அன்று.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பறவை பெருகியதைக் கண்டு மகிழலாம். ஆனால் மூவாயிரம் எலிகளை ஒரு பக்கமும் பறவைக் குஞ்சுகளை மறு பக்கமும் எழுதிக் கழித்து, மிச்சத்தைப் புண்ணியம் என்று கொள்ளும் கணக்கை ஏற்க இயலாது. கொலை கொலையாகவே ஏட்டில் நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்பது குற்றம் சாட்டுவதற்காக அன்று. நின்றால்தான் அடுத்த முறை அதைத் தவிர்க்கும் வழி தேட மனம் வரும்.

இத்தகைய கழித்தல் கணக்கு இன்று அந்நாட்டுச் சட்டத்திலும் நுழைந்துள்ளது. 2024 பிப்ரவரி முதல் இங்கிலாந்தில் பெரிய கட்டுமானங்களை எழுப்புவோர், அங்கு முன்பிருந்த இயற்கை மதிப்பைவிடப் பத்து விழுக்காடு மிகுதியாக உண்டாக்கித் தரவேண்டும்; அதை முப்பதாண்டுகள் பேணவும் வேண்டும். அந்த இடத்திலேயே இயலாவிடில் வேறிடத்தில் செய்யலாம். அதற்கான அலகுகளை விலைக்கும் வாங்கலாம். ஒன்றுமே தராமல் அழிப்பதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அளவுகோல் அளப்பது புல்வெளியையும் வேலியையும் குளத்தையும். அவற்றில் வாழ்ந்த உயிர்களை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. வேறிடத்துப் புதுக் குளம், மூடப்பட்ட குளத்தின் தவளைக்கு என்ன ஆறுதல்? ஒவ்வோர் உயிரும் தனித்தனி ஆன்மா என்று கொள்ளும் நமக்கு இந்த இடம் உறுத்தத்தான் செய்யும்.

கூட்டமைப்புகள் செய்வனவற்றுள் உறுத்தாதவையும் உண்டு. கார்ன்வாலில் லேடாக் என்னும் ஊர்ப்புறத்தில் ஒரு பண்ணை ஓடையில் 2017இல் இரண்டு பீவர்களை வேலிக்குள் கொண்டுவந்து விட்டனர். ஆற்றங்கரையில் மரம் கடித்து அணை கட்டும் இவ்விலங்கை, தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடி, ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒழித்துவிட்டனர். அவை கட்டிய அணைகளில் நீர் தேங்கிக் குளங்கள் உண்டாயின. மழைக்காலத்தில் வெள்ளம் ஊரை நோக்கி விரைவதும் தணிந்தது. கொன்றவர் வழிவந்தோர் மீண்டும் அழைத்து வந்து இடம் கொடுத்தார்கள். அதற்கு எந்த உயிரையும் பலியிட நேரவில்லை.

செயின்ட் ஆக்னஸிலும் நஞ்சு வைத்ததோடு பணி முடிந்துவிடவில்லை. படகில் வரும் மூட்டைகளைச் சோதிக்கின்றனர். குப்பையை எலிக்கு எட்டாதபடி மூடி வைக்கின்றனர். எலியின் தடயம் எதையேனும் கண்டால் உடனே தெரிவிக்குமாறு ஊராரையும் பயணிகளையும் கேட்டுக்கொள்கின்றனர். ஒரு கர்ப்பிணி எலி கரையேறினாலும் மீண்டும் நஞ்சை எடுக்க நேரும் என்பதை அவர்கள் நன்கறிவர். அண்டையில் செயின்ட் மேரீஸ், டிரெஸ்கோ முதலிய தீவுகளில் எலிகள் இருக்கின்றன; இடையே படகுகள் நாள்தோறும் சென்று வருகின்றன.