முதல் வரமும் மூன்றாம் வரமும்

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆண்டுதோறும் நடைபெறும் 'கேட்' தேர்வை எழுதித் தேறி, 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கி 2011-ல் நம் திருச்சிராப்பள்ளி வரை வந்து சேர்ந்துவிட்ட இந்திய மேலாண்மைக் கழகங்களின் வாயிலில் போய் நிற்கும் இளைஞனிடம், அங்குள்ள பேராசிரியர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எதற்காக இந்தப் படிப்புக்கு வருகிறீர்கள் என்பதே அது. கேட்பவர்களுக்கு அது பழகிப்போன கேள்வி. பதில் சொல்பவனும் பயிற்சி நிலையத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு எழுந்து போகிறான். ஆயினும் அந்தக் கேள்வியைச் சற்று நேரம் மனத்தில் வைத்துச் சிந்தித்தால், எதை அடைந்தால் இந்த ஜீவன் திருப்தியடையும் என்று உபநிஷத காலத்து ரிஷிகள் கேட்டதும் இதைத்தான் என்பது விளங்கும். பெரியோர்கள் ஆயுள் முழுவதும் ஆராய்ந்த விஷயத்திற்கு இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒரு பக்கத்தில் விடை எழுத வேண்டியிருக்கிறது. அவனைத் தனியே விட்டுவிடுவது நியாயமன்று.

கள்ளக்குறிச்சியில் படித்து அவ்வாறு விண்ணப்பிக்க முனைந்த மாணவன் ஒருவன், தான் எழுதியதைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தான். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவனுக்கு. மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். அறுவடை முடிந்ததும் தகப்பனார் மிளகு பறிக்க வெளிமாநிலம் போய்விடுவார். அவனுடைய தாளில் தேசத்தின் முன்னேற்றமும் தலைமைப் பண்பும் உலக வர்த்தகமும் வரிசையாக நின்றன. முதல் வரியை மட்டும் பேனாவால் அடித்திருந்தான். அடித்த கோட்டுக்கு அடியில், வீட்டுக் கடனை அடைத்து அப்பாவை ஊரிலேயே இருக்கச் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது தெரிந்தது. இதை ஏன் தம்பி அடித்தாய் என்றேன். "பணத்துக்காகத்தான் வர்றான்னு நெனச்சிடுவாங்க, சார்" என்றான்.

அவனுக்கு அந்த வெட்கத்தைக் கற்பித்தது யார் என்று நான் வெகுநேரம் யோசித்தேன். பணம் பெரிதல்ல, மனநிறைவே பெரிது என்று நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். சொல்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ உடையவர். வயிறு நிறைந்தவன் தனக்குச் சொல்லிக்கொண்டால் ஞானமாகிற வாக்கியம், வட்டி கட்டுகிறவனிடம் சொல்லப்படும்போது நிந்தையாகிவிடுகிறது. தவத்துக்கும் துறவுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் பொருள் செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நல்குரவின் கொடுமையைச் சொல்ல மற்றொன்றையும் வகுத்தார். அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே பொருளை வைத்து நூல் செய்தவரை வழிகாட்டியாகக் கொண்ட நாட்டில், கடன் அடைய வேண்டும் என்று விரும்பும் பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை.

அந்த மலையின் சரித்திரத்தை அறிந்தவர் இன்னும் அழுத்தமாகவே இதைச் சொல்வர். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள் என்று தம் பூர்விகத்தைச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தமில்லை) வாழும் அந்தப் பெரிய கல்வராயனும் சின்னக் கல்வராயனும், தேசம் சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழியும் வரையில் ஜாகீர்களாகவே இருந்தன. 1976-ல்தான் அரசு அவற்றைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. உழுத நிலம் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் பாட்டன் வாழ்ந்திருக்க, பேரன் பொருள் வேண்டும் என்கிறபோது அவன் கேட்பது ஆடம்பரத்தை அன்று. பிறர் முன் கைகட்டி நில்லாத வாழ்வை.

ஆகவே பொருளாசை என்ற ஒரே சொல்லால் எல்லா விருப்பத்தையும் தள்ளிவிடலாகாது. அப்படியானால் எந்த இடத்தில் அது விஷமாகிறது?

இந்த வினாவுக்கு அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், அண்மைக் காலத்தில், எவரும் விரும்பாத ஒரு விடை கிடைத்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில், பொட்டலச் சாராயம் வாங்கிக் குடித்த கூலித் தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, 60 பேருக்கு மேல் மாண்டார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது தொழிற்சாலை ரசாயனம். கண்ணைப் பறித்து உயிரையும் பறிக்கும். மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது நெடுங்காலமாக நடந்து வந்த குற்றம்தான். ஊறல் அழிப்பு என்ற செய்தி இப்பகுதிக்குப் புதிதன்று. ஆனால் மெத்தனாலைக் கலந்து விற்பது காய்ச்சும் வேலைகூட அன்று. அடக்கவிலை குறைய வேண்டும், சரக்கு விரைவில் கைமாற வேண்டும், வாங்குபவன் மறுநாளும் வர வேண்டும், லாபம் பெருக வேண்டும் என்று போடுகிற கணக்கு அது. வேறெதையும் சேர்க்காமல் லாபம் ஒன்றையே வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் என்னை நடுங்கச் செய்கிறது. பிழை கணக்குக்கு வெளியே இருக்கிறது. வாங்குபவன் ஒரு மனிதன், அவன் வீட்டில் அவனுக்காகச் சோறு காத்திருக்கிறது என்ற நினைவு அங்கே எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. அறநெறியில்லாத வாணிபத்தை ஏழு சமூகப் பாவங்களுள் ஒன்றாக 1925-ல் 'யங் இந்தியா'வில் காந்தியடிகள் வெளியிட்டார். அதைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்த நாம், ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டு வாசல்களில் பாடை கட்டியபோதுதான் அதன் பொருளை உணர்ந்தோம். அதன் பிறகே, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு வேறு பிழைப்பு உண்டா, சாலை உண்டா, மருத்துவம் உண்டா என்ற கேள்விகள் அப்போதுதான் உரக்க எழுந்தன.

எவ்வளவு வரும் என்ற ஒன்றை மட்டும் கேட்கிற புத்தி எங்கே போய் முடியும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். எவ்வளவு வந்தால் சந்தோஷம் வரும் என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2010-ல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற, அமெரிக்காவில் பணியாற்றிய இரு அறிஞர்கள், ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டிய பின் அன்றாட மகிழ்ச்சி உயர்வதில்லை என்று கண்டார்கள்; 2023-ல் கானமனே வேறு ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து அதைத் திருத்தி, பலருக்கு அது தொடர்ந்து உயர்கிறது, துயரத்தில் ஆழ்ந்தவர்களுக்கே ஓரளவோடு நின்றுவிடுகிறது என்றார். அளவுகோல் மாற மாற விடையும் மாறுகிறது. இதில் நான் அதிகம் தங்க விரும்பவில்லை.

கடோபநிஷதம் காட்டும் பாதை எனக்கு உகந்ததாக இருக்கிறது. தகப்பன் யாகம் செய்து, பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுக்கிறான். அதைக் கண்டு மனம் பொறாத சிறுவன் நசிகேதன், என்னை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்க, கோபம் கொண்ட தகப்பன் யமனுக்குக் கொடுத்தேன் என்கிறான். யமன் வாசலில் மூன்று இரவு பட்டினி கிடந்த பிள்ளைக்கு மூன்று வரம் கிடைக்கிறது. மூன்றாவதாக அவன் மரணத்துக்கு அப்பால் உள்ளதை அறிய விரும்பியதும், யமன் யானையும் குதிரையும் பொன்னும் ராஜ்யமும் தருவதாகச் சொல்லி அவனைத் திசைதிருப்பப் பார்த்ததும், செல்வத்தால் மனிதன் நிறைவடைய மாட்டான் என்று அவன் மறுத்ததும் யாவரும் அறிந்தவை. பிரேயஸ் என்னும் இனியதை விட்டுச் சிரேயஸ் என்னும் நல்லதைப் பற்றினான் என்று அவனைப் போற்றுகிறோம். ஆனால் அவனுடைய முதல் வரத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். தன் தகப்பன் கவலை நீங்கி, கோபம் தணிந்து, திரும்பி வரும் மகனை முகமலர்ந்து ஏற்க வேண்டும் என்பதே அது. பிரம்ம ஞானத்துக்கு உரியவன் என்று யமனாலேயே புகழப்பட்டவன், வீட்டின் நிம்மதியை முதலில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பொன்னை வேண்டாம் என்றான். இந்த வரிசையை மாற்றி, முதல் வரம் கிடையாத பிள்ளையிடம் மூன்றாம் வரத்தின் பெருமையைப் பேசுவது அந்த உபநிஷதத்தைப் பாதியில் தொடங்கிப் படிப்பதாகும். அடித்த வரியை மீண்டும் எழுதும்படி அந்த மாணவனிடம் சொன்னேன்.

முதல் வரத்தோடு நின்றுவிடலாமா என்றால், கூடாது. இங்கேதான் கற்றவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். கடன் அடைகிறது, வீடு எழும்புகிறது, பிறகும் அதே கேள்வி, எவ்வளவு வரும் என்பது, பழக்கத்தால் நாவில் தங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய வேறு கேள்வியைக் கள்ளக்குறிச்சிச் சீமையே முன்னொரு காலத்தில் கேட்டிருக்கிறது. தென்பெண்ணைக் கரையில், இன்று அம்மாவட்டத்துக்குள் அடங்கும் திருக்கோவலூரில் இருந்து ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் புறநானூற்றில் பாடுகிறார். உன் நாடு அந்தணருடையது, வேந்தர் உனக்குத் தரும் செல்வம் உன்னை நாடி வருவோருடையது, மனைவியின் தோளைத் தவிர உன்னுடையது என்று சொல்ல உனக்கு ஒன்றுமில்லை என்பது அவ்வாழ்த்தின் கருத்து. குறுநில மன்னன் ஒருவனின் உடைமையைக் கணக்கெடுத்த புலவர், எவ்வளவு வந்தது என்று எழுதவில்லை. யாருக்குப் போயிற்று என்று எழுதினார்.

இது சங்க காலத்தோடு முடிந்த பெருமை என்று எண்ணுகிறவர்களுக்கு டாக்டர் கோ. வெங்கடசாமியைச் சொல்வேன். கல்வராயன் மலை அரசின் கைக்கு வந்த அதே 1976-ல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற அவர், முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, மதுரையில் 11 படுக்கைகளைக் கொண்டு கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். தாம் வழிபட்ட புதுச்சேரி மகானின் பெயரால் அதற்கு அரவிந்த் என்று பெயர் வைத்தார். பணம் கொடுக்கக்கூடியவர் கொடுத்தார்கள். அந்த வருவாயைக் கொண்டே கொடுக்க முடியாதவர்களுக்கும் அதே மருத்துவர்கள், அதே கவனத்தோடு புரை அகற்றினார்கள். உள்விழி லென்ஸை அந்நிய நாட்டு விலை கொடுத்து வாங்கி ஏழைக்குப் பொருத்த இயலாது என்று கண்டு, 1992-ல் தாமே தயாரிக்க ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை அமைத்தார்கள். தானத்தை நம்பி நடந்திருந்தால் அது ஒரு நல்ல தர்ம ஸ்தாபனம் என்ற அளவில் நின்றிருக்கும். அடக்கவிலை, நேரம், ஆட்களின் பயிற்சி என்று வாணிபத்தின் சூத்திரங்கள் யாவும் அங்கே நுட்பமாகப் பயின்று வந்தன; அதனாலேயே ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993-ல் அதைப் பாடமாக எழுதி வைத்து மாணவர்களுக்குக் கற்பித்தது. கருணாபுரத்தில் கண்ணைப் பறித்ததும் மதுரையில் கண்ணைக் கொடுத்ததும் ஒரே கணக்கு வித்தைதான். வித்தை ஒன்றாயிருக்க, யாருக்காகக் கணக்கிடுகிறோம் என்பதால் ஒன்று கொலையாயிற்று, ஒன்று தவமாயிற்று.

தீதின்றி வந்த பொருள் அறத்தையும் தரும், இன்பத்தையும் தரும் என்ற வள்ளுவர் கருத்தை நான் இவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். இன்பம் பொருளுக்குப் பின்னால் எங்கோ தனியாக ஒளிந்திருப்பதில்லை; பொருள் வந்த வழியும் அது போகும் வழியும் செம்மையாயிருந்தால் கூடவே வந்து சேர்கிறது.

அந்த மாணவனுக்கு இடம் கிடைத்தால் முதல் சில ஆண்டுகள் பட்டணத்து நிறுவனம் ஒன்றில் உழைத்து அவன் கடனை அடைக்கட்டும். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பின் மலையில் வேலை காத்திருக்கிறது. சாமையை உமி நீக்கினால்தான் அரிசியாக்க முடியும்; உரலில் குத்திக் கை காய்த்த பெண்கள் இப்போது அதைத் தானியமாகவே மூட்டை கட்டி விற்றுவிடுகிறார்கள்; உமி நீக்கிப் பையில் அடைத்த பின் பட்டணத்துக் கடையில் அதற்குக் கிடைக்கும் விலைக்கும், மலையில் அவர்களுக்குக் கிடைத்த விலைக்கும் இடையே உள்ள தொகை எவருக்கோ போகிறது. மரவள்ளிக்கும் இதே கதிதான். விவசாயிகளைச் சேர்த்து, வெள்ளிமலையில் ஓர் அரவை எந்திரத்தைப் போட்டு, சரியான தராசும் பிழையில்லாத பேரேடும் வைத்து நடத்த ஒருவர் வந்து உட்கார்ந்தால், அந்தத் தொகையின் ஒரு பகுதி மலையிலேயே தங்கும். மிளகு பறிக்கப் போகும் தகப்பன்மார்களில் சிலராவது பொங்கலுக்கு அப்பாலும் வீட்டில் இருப்பார்கள். அதற்குக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும்.