திட்டமும் விவேகமும்

திட்டத்தை முடிப்பவரெல்லாம் நல்ல தலைவர் ஆவாரா? சென்னைத் துறைமுகத்தின் கிழக்கு வாயிலை மணல் தூர்த்து வந்தது. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், வாயிலை வடகிழக்கிற்கு மாற்றிக் கப்பல்களுக்கு வழி கண்டார், பாராட்டுக்குரிய முடிவு. ஆயினும், கடலோட்டத்தோடு வடக்கே செல்லவேண்டிய மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தே நின்றன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. வலை உலர்த்திய மணலில் இன்று கருங்கற்களைக் காண்கிறோம்.

கலந்தாய்தல், தீர்மானித்தல், ஆணையிடுதல் என விவேகத்திற்கு மூன்று செயல்களைக் கூறுவார் புனித தாமஸ் அக்குவினாஸ். முதற்செயலில்தான் நாம் தவறுகிறோம். வரைபடத்துக்கு வெளியே வாழ்ந்து, திட்டத்தின் விலையைக் கொடுப்போரை நாம் கலந்து கொள்வதில்லை. ஆலயத்துக்கு மதில் எழுப்புமுன், அது தடுக்கும் மழைநீர் எவர் வீட்டில் புகும் என்று அவ்வீட்டாரிடமே கேட்போமா?