பெயர் எழுதாத கல்லறை



அமெரிக்காவில் செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் வெள்ளி, போர்க்கைதிகளுக்கும் போரில் காணாமற்போன வீரர்களுக்கும் உரிய நாள். அங்கே படைவீரர்கள் கூடும் விருந்துகளில் யாரும் உட்காராத ஒரு சிறிய மேசையும் இருக்கும். தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, பக்கத்தில் கவிழ்த்து வைத்த குவளை. எலுமிச்சை அவர்கள் பட்ட கசப்புக்கு, உப்பு வீட்டார் வடிக்கும் கண்ணீருக்கு.

அப்படித் திரும்பி வராதவர்களில் ஒருவர் குருவானவர். பெயர் எமில் கப்பான். கான்சாஸ் மாநிலத்து விவசாயி மகன். கொரியப் போரில் படைவீரர்களின் ஆன்மகுருவாகப் போனார். 1950 நவம்பர் தொடக்கத்தில் உன்சான் என்ற இடத்தில் சீனப் படை சூழ்ந்துகொண்டது. தப்பிக்க வழி இருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார். கீழே கிடந்த சார்ஜெண்ட் ஒருவரைச் சுட ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டியபோது, அதைக் கையால் விலக்கிவிட்டு, அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு கைதியாக நடந்தார்.

பியோக்தோங் கைதிமுகாமில் பட்டினியும் கடுங்குளிரும். அங்கே இவர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டித் தட்டிப் பாத்திரமாக்கினார். அதில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். அவர்களின் அழுக்குத் துணியையும் துவைத்தார். இரவில் உணவு திருடப் புறப்படும்போது, சிலுவையில் மனந்திரும்பிய நல்ல கள்வனிடம் வேண்டிக்கொண்டுதான் போவாராம். மறைக்கல்வி ஆசிரியர்கள் என்னை முறைக்க வேண்டாம். அந்த உணவு பசித்தவர்கள் வாய்க்குத்தான் போனது.

1951 மே 23 அன்று, 35 வயதில், அந்த முகாமிலேயே இறந்தார். தம்மைச் சாகவிட்ட காவலர்களையும் ஆசீர்வதித்தார் என்று உடனிருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அவரை நேரில் பார்த்தே இராத யூத விமானி ஒருவர், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, முகாமில் கிடைத்த விறகிலேயே ஒரு பாடுபட்ட சுரூபம் செதுக்கினார். 1953இல் விடுதலையானவர்கள் அதைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார்கள். குருவானவரின் உடல் மட்டும் வரவில்லை.

உண்மையில் அதுவும் வந்திருந்தது. போருக்குப்பின் ஒப்படைக்கப்பட்ட எலும்புகளில் அவருடையவையும் இருந்தன. யாருடையவை என்று தெரியாததால் ஹவாயில் பெயரின்றி அடக்கம் செய்துவிட்டார்கள். 2021 மார்ச்சில்தான் அடையாளம் கண்டார்கள்; அதே ஆண்டு செப்டம்பரில் கான்சாஸின் விச்சிட்டா பேராலயத்தில் வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். பெற்ற தாய் தகப்பனுக்கு இதில் எதையும் காணக் கொடுத்துவைக்கவில்லை.

காணாமற்போனவரின் வீட்டு வேதனை தனி. இறந்தோர் திருப்பலிக்குப் பெயர் கொடுப்பதா, நலமாய்த் திரும்ப நேர்ச்சை வைப்பதா? நம் நாட்டிலும் 1971 போரிலிருந்து வீடு திரும்பாத 54 வீரர்களின் குடும்பங்கள் இந்தக் கேள்வியோடுதான் இருக்கின்றன. 2007இல் அந்தக் குடும்பத்தாரில் சிலர் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். "இத்தனை வருஷமாச்சு, இனி மறந்துடுங்க" என்று அவர்களிடம் சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. ஆண்டவர் சொன்ன உவமையில் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுப் போன ஆயர், கிடைக்கும்வரை தேடினார். இத்தனை நாள் தேடினால் போதும் என்று இயேசு கெடு வைக்கவில்லை.

நம் மன்றாட்டுகளில் இறந்தோருக்கு ஒன்று உண்டு, நோயுற்றோருக்கு ஒன்று உண்டு. இரண்டிலும் சேராத காணாமற்போனோருக்கு இன்றுமுதல் தனியாக ஒன்று சொல்வோம். உங்கள் குடும்பத்தில் அப்படி யாரேனும் இருந்தால், திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயரை எழுதிக் கொடுங்கள். உயிரோடிருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று எழுத வேண்டாம். பெயர் போதும்.