கிணறு பொதுவானால் போதுமா?

பொருளைக் கொடுத்தால் கொடுத்தவன் கையில் அது குறையும். கல்வியைக் கொடுத்தால் கொடுத்தவனிடம் அணுவளவும் குறைவதில்லை. ஆகவே பொருளைப் பூட்டி வைப்பவனுக்குச் சொல்ல ஏதேனும் ஒரு காரணம் இருக்கலாம். அறிவைப் பூட்டி வைப்பவனுக்கு எந்தக் காரணமும் இல்லை என்றே நம் முன்னோர் கருதினர். கற்றதைக் கேட்பவருக்கு மறைத்தவன் மறுமையில் அடையும் இழிவு பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையையும் நாம் அறிவோம்.

இக்கருத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பூட்டைத் திறந்துவிட்ட அளவிலேயே பகிர்வு என்னும் கடமை நிறைவேறிவிடுமா? நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. அது ஒரு மரத்தைப் பற்றியது. நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் சாக்லெட்டுக்கு மூலமான கோகோ மரமே அது.

மரத்தின் ஏட்டைப் படித்தவர்கள்

உயிருள்ள ஒவ்வொன்றின் அணுவறையிலும் அதன் இயல்புகளைத் தீர்மானிக்கும் மரபுப் பொருள் அமைந்திருக்கிறது. அது நான்கே வகைக் கூறுகளின் நீண்ட வரிசை. அந்நான்கையும் நான்கு எழுத்துகளாகக் கொண்டால், கோகோ மரத்தின் ஏடு ஏறத்தாழ 43 கோடி எழுத்துகள் கொண்டது. இவ்வரிசை முழுவதையும் படித்து எழுதி வைப்பதையே மரபணு வரிசையைக் கண்டறிதல் என்கின்றனர்.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. நெல்லைப் போல் கோகோவைச் சில மாதங்களில் சோதித்துப் பார்க்க இயலாது. நட்ட கன்று காய்க்கவே சில ஆண்டுகள் ஆகும். அது நோயைத் தாங்குமா என்பது தெரிய இன்னும் பல ஆண்டுகள் செல்லும். மரபணு வரிசை தெரிந்தால், நல்ல இயல்போடு சேர்ந்து வரும் அடையாளம் இளங்கன்றின் இலையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளரின் காத்திருப்பு இதனால் மிச்சமாகிறது.

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மார்ஸ் சாக்லெட் நிறுவனமும், ஐ.பி.எம். நிறுவனமும், அந்நாட்டு வேளாண்மைத் துறையும் சேர்ந்து இப்பணியைத் தொடங்கின. கோஸ்டாரிகா நாட்டைச் சேர்ந்த மடீனா என்னும் வகை மரத்தை அவை தேர்ந்தெடுத்தன. 2010 செப்டம்பரில், ஆய்வுக் கட்டுரை வெளிவரும் முன்னரே, வரிசையின் முதல் வடிவத்தை உலகோர் அனைவருக்கும் பொதுவாக வெளியிட்டன. பயன்படுத்துவோர் அவ்வரிசையின் மீது காப்புரிமை கோரலாகாது என்பதை நிபந்தனையாக வைத்தன. அதே ஆண்டு டிசம்பரில், பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமான சிராட் தலைமையில் பல நாட்டு அறிஞர்கள், பெலிஸ் நாட்டின் கிரியோல்லோ வகை மரத்தின் வரிசையை வெளியிட்டனர்.

வாணிப நிறுவனம் ஒன்று ஏன் இவ்வாறு செய்தது? பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் 1989இல் புகுந்த ஒரு பூஞ்சை நோய், அங்கிருந்த கோகோத் தோட்டங்களைச் சில ஆண்டுகளில் சீரழித்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் அத்தகைய அழிவு நேர்ந்தால் சாக்லெட் வாணிபமே நிலைகுலையும். ஆகவே அந்நிறுவனத்தின் செயலில் தன்னலமும் கலந்திருந்தது. அதனால் அதன் நன்மை இல்லாமற் போய்விடாது. எண்ணத்தை எடை போடுபவன் இறைவன். விளைவை எடை போடுவதே நமது பணி.

ஆற்று நீரும் குடத்து நீரும்

மத்ரஸாக்களில் ஃபிக்ஹ் நூல்களை ஓதிக் கொடுக்கையில், நீரைப் பற்றிய பகுதியை நாம் சற்று நிறுத்தி விளக்குவதுண்டு. ஆற்றில் ஓடும் நீர் அனைவர்க்கும் பொது. அதை ஒருவன் தன் குடத்தில் மொண்டுவிட்டால், குடத்து நீர் அவனுக்கு உரியதாகிவிடும். மொண்ட உழைப்பு அவனுடையது அன்றோ? இதனை 'இஹ்ராஸ்' என்பர்.

மரபணு வரிசை ஆற்று நீரா, குடத்து நீரா? படித்தவர்கள் பெரும் பொருளும் உழைப்பும் செலவிட்டனர். ஆதலால் அது குடத்து நீரே என்று சிலர் வாதிடுவர். அறிவு உழைப்பால் விளையும் உரிமைகளை மார்க்க அறிஞர்கள் மறுத்துவிடவும் இல்லை. 1988இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நூலாசிரியரின் உரிமையையும் புதிது புனைந்தவரின் உரிமையையும் ஷரீஅத் மதிக்கும் உரிமைகள் என ஏற்றுக்கொண்டது.

ஆனால் புனைதல் வேறு, படித்தல் வேறு. ஒரு கருவியைப் புனைந்தவன், அதற்கு முன் இல்லாத ஒன்றை உண்டாக்குகிறான். மரத்தின் வரிசையைப் படித்தவனோ, முன்பே எழுதப்பட்டிருந்ததை வாசித்தான். பழைய ஏட்டை வாசித்தவன் வாசித்த கூலிக்கு உரியவன். ஏட்டை இயற்றியவன் தானே என்று அவன் சொல்லலாகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2013ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பு ஒன்றில், இயற்கையாக அமைந்த மரபணுத் துண்டைப் பிரித்தெடுத்த அளவில் அதற்குக் காப்புரிமை கிடையாது என்று கூறிற்று. ஆகவே வரிசையைப் பூட்டி வைக்காமல் வெளியிட்டது நேர்மையான செயலே என்பது நம் துணிபு.

ரூமா கிணறு

மதீனாவுக்குக் குடிபெயர்ந்த முஸ்லிம்கள் நல்ல குடிநீருக்கு வருந்திய நாளில், ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கே கிடைத்தது. அதனை வாங்கிப் பொதுவாக்குபவர் யார் என்று நபிகளார் கேட்டபோது, ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் அதை வாங்கி அனைவர்க்கும் உரியதாக்கினார்கள். அங்கு ஒரு நுட்பம் உண்டு. வாங்குபவரின் வாளியும் மற்றவர்களின் வாளிகளுள் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அந்த அழைப்பிலேயே அடங்கியிருந்தது. கொடுத்தவர் என்பதற்காக அவருக்குத் தனி முறை இல்லை.

காப்புரிமை கோரலாகாது என்ற நிபந்தனை, கோகோவின் ஏட்டை ஒருவகையில் இத்தகைய கிணறாக்கிற்று. ஆனால் இங்குதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். மதீனாவில் ஏழையின் வாளியும் செல்வரின் வாளியும் ஏறத்தாழ ஓர் அளவே. நம் காலத்துக் கிணற்றிலோ ஒருவன் எந்திரம் வைத்து இறைக்கிறான். மற்றொருவன் கயிறுகூட இல்லாமல் கரையில் நிற்கிறான். கிணற்றுக்குக் கதவில்லை என்று இருவரிடமும் ஒரே சொல்லைச் சொல்கிறோம்.

கரையில் நிற்பவர் யார்? உலகின் கோகோவில் ஏறத்தாழப் பாதி ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. விளைவிப்போரில் மிகப் பலர் சில ஏக்கர் நிலமே உடைய எளிய குடும்பத்தினர். அங்கே மரத்தின் தண்டை வீங்கச் செய்து கொல்லும் நச்சுயிரி நோய் ஒன்று 1930களிலேயே அறியப்பட்டது. அதைத் தடுக்க வேண்டிக் கானாவில் 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்நாட்டின் டாஃபோ நகரில் 1938இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்த அறிஞர்கள் இருக்கின்றனர். ஆனால் 43 கோடி எழுத்துகளிலிருந்து ஓர் உழவனின் கைக்கு நோய் தாங்கும் கன்று ஒன்று வந்து சேரும் வரை, சோதனைக் கூடம், கன்றுப் பண்ணை, பயிற்சி பெற்ற ஆட்கள், பல்லாண்டுப் பொறுமை ஆகிய அனைத்தும் வேண்டும். ஏடு இலவசம், இவையோ இலவசம் அல்ல.

மற்றொரு சாராரும் கரையில் நிற்கின்றனர். மேல் அமேசான் பகுதியில், இன்றைய ஈக்வடார் நாட்டில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பே கோகோ பயன்பாட்டில் இருந்தமைக்கான தடயங்களை 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. இம்மரத்தைக் காட்டிலிருந்து வீட்டருகே கொணர்ந்து பேணியவர்கள் அப்பகுதியின் பழங்குடி மக்கள். 1930களில் பவுண்ட் என்னும் ஆய்வாளர் அப்பகுதிகளுக்குச் சென்று, நோய் தாங்கும் மரங்களைத் தேடிக் கொணர்ந்தார். அவற்றின் வழி வந்த மரங்கள் பின்னர் மேற்கு ஆப்பிரிக்கா வரை பரவின. மரத்தைப் பேணித் தந்த ஆற்றங்கரை மக்களை அப்போது நினைத்தவர் அரிது.

பூட்டுவது தீர்வாகுமா?

அங்ஙனமாயின் ஒவ்வொரு நாடும் தன் மரங்களின் ஏட்டைப் பூட்டிக்கொள்ளட்டுமே என்பார் உளர். 1992ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்க ஒப்பந்தம், தன் மண்ணிலுள்ள மரபு வளங்கள் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு என்று ஏற்றது. அவ்வுரிமை செடிக்கும் விதைக்கும் மட்டுமா, அவற்றிலிருந்து படித்தெடுத்த வரிசைக்கும் உண்டா என்று நாடுகள் நெடுநாள் வாதிட்டன.

பூட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை. 1879இல் டெட்டே குவார்ஷி என்னும் தொழிலாளி பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொணர்ந்த விதைகளே கானாவின் கோகோ வேளாண்மைக்கு வித்தாயின என்று அந்நாட்டார் போற்றுகின்றனர். அமேசானின் மரம் பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்பதும் அத்தகைய பரவலால்தான். பிறர் கதவு திறந்திருந்ததால் வாழ்வு பெற்றவர், தம் கதவை மட்டும் அடைப்பது அறமாகாது. மேலும், பூட்டினால் முதலில் தாகத்தால் வாடுவோர் வலியோர் அல்லர். சொந்தக் கிணறு தோண்ட இயலாத எளியோரே.

இன்னும் ஒரு வாதம் உண்டு. வரிசையை ஒருவர் எடுத்துப் பயன்படுத்துவதால் மற்றவர்க்கு ஒன்றும் குறைவதில்லையே, கரையில் நிற்பவருக்கு என்ன இழப்பு என்பதே அது. கிணற்று நீர் குறையாது என்பது மெய்யே. ஆனால் அந்நீர் பாய்ந்து விளைந்தது ஒரே சந்தைக்கு வருகிறது. எந்திரம் உடையவன் இருமடங்கு விளைவித்து விலையைத் தாழ்த்தும் நாளில், கயிறு இல்லாதவன் தன் பழைய விளைச்சலையும் விற்க இயலாமல் நிற்பான். குறையாத செல்வமும் ஏற்றத்தாழ்வை வளர்க்கக் கூடும்.

கயிறும் வாளியும்

ஆகவே திறப்பதும் வேண்டும். திறந்தபின் கரையில் நிற்பவன் கையில் கயிறும் வாளியும் கொடுப்பதும் வேண்டும். இவ்வுண்மையை உலகம் இப்போது மெல்ல உணர்ந்து வருகிறது. 2024ஆம் ஆண்டு கொலம்பியாவின் காலி நகரில் கூடிய நாடுகள் ஒரு நிதியை உருவாக்க முடிவு செய்தன. 2025 பிப்ரவரியில் அது தொடங்கப்பட்டது. மரபணு வரிசைகளால் பயன் பெறும் பெருநிறுவனங்கள் தம் இலாபத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காடு அதற்குக் கொடுக்க வேண்டும் என்றும், அந்நிதியில் பாதியேனும் பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் செல்ல வேண்டும் என்றும் வகுத்தனர். கோகோ முதலிய எல்லா உயிர்களின் வரிசைகளையும் மனத்திற் கொண்டு செய்த ஏற்பாடு இது.

நல்ல முயற்சிதான். ஆனால் கொடுப்பது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. ஸதகாவுக்கும் ஸகாத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஸதகா கொடுப்பவனின் ஈரநெஞ்சைச் சார்ந்தது. ஸகாத்தோ பெறுபவனின் உரிமை. செல்வனின் பெட்டியில் இருந்தாலும் அது ஏழையின் பங்கு. மரத்தை ஐயாயிரம் ஆண்டுகள் பேணியவர்க்கும், அதன் நிழலில் உழைப்பவர்க்கும் சேர வேண்டியது அருட்கொடையா, உரிமைப் பங்கா? உரிமைப் பங்கே என்பது நம் முடிவு.

வக்ஃபுச் சட்டத்தின் தொடக்கத்தை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இறைவழியில் அர்ப்பணித்தபோது, அது விற்கப்படலாகாது, அன்பளிப்பாகத் தரப்படலாகாது, வாரிசுகளுக்குச் செல்லலாகாது என்று விதித்தார்கள். அத்துடன் நிறுத்திவிடவில்லை. அதன் விளைச்சல் ஏழைகளுக்கும், உறவினருக்கும், அடிமைகளை விடுவிப்பதற்கும், வழிப்போக்கருக்கும், விருந்தினருக்கும் உரியது என வகுத்து, மேற்பார்ப்பவர் எவ்வளவு உண்ணலாம் என்பதையும் குறித்தார்கள். தடுக்க வேண்டியதைத் தடுப்பது வக்ஃபின் முதற்பாதி. சேர வேண்டியவரைப் பெயர் சொல்லிக் குறிப்பது மறுபாதி.

கோகோவின் ஏட்டை வெளியிட்டவர்கள் முதற்பாதியை நன்றாகவே செய்தனர். அது எவர்க்கும் சொந்தமாகாது என்றனர். அதன் கனி யாரைச் சேர வேண்டும் என்னும் மறுபாதி இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. தைல மரமும் இரப்பர் மரமும் பேரீச்சையும் இப்போது இவ்வாறே படிக்கப்பட்டுவிட்டன; இனிப் படிக்கப்படுபவையும் பல. ஒவ்வொன்றின் ஏடு திறக்கப்படும் நாளிலும் அம்மறுபாதியை எழுதிவிட வேண்டும் என்று கேட்பது, அறிவுக்குத் தடை போடுவதாகாது. அறிவைக் கொடுத்தவன் அது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்பதே ஆகும்.