பருவம் தாண்டும் நட்பு

மத்திய இந்தியாவின் கன்ஹா காட்டிலே மந்திக் குரங்குகள் மரத்திலிருந்து உதிர்க்கும் இலைகளையும் பழங்களையும் புள்ளிமான்கள் கீழே நின்று உண்கின்றன. புலி வந்தால் ஒன்றின் எச்சரிக்கைக் குரல் மற்றையதையும் காக்கிறது. ஆயினும் இக்கூட்டுறவு புல் காயும் காலத்திலேதான் நெருக்கமாகிறது. மழை பெய்து புல் தழைத்ததும் மான்கள் மந்திகளை அதிகம் நாடுவதில்லை.

மானைக் குறைகூற முடியாது. பயனுக்காக ஏற்படும் நட்பு பயன் தீர்ந்ததும் கலையும் என்று அரிஸ்டோட்டில் அன்றே கூறினார்.

ஆனால், அமெரிக்காவின் டெனசி மாநிலத்து யானைகள் சரணாலயம் ஒன்றில் டாரா என்ற யானையும் பெல்லா என்ற நாயும் இணைபிரியாது திரிந்தன. ஒருமுறை பெல்லா முதுகெலும்பில் காயமுற்று, நடக்க இயலாமல் கட்டிடத்தினுள் கிடந்தது. பரந்த புல்வெளி இருந்தும், டாரா வாரக்கணக்காக அக்கட்டிடத்தின் அருகிலேயே காத்து நின்றது. நடக்கமுடியாத நாயால் யானைக்கு என்ன இலாபம்?

மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய காலத்தில் நிறைந்திருந்த முற்றம், அவன் வேலை இழந்ததும் வெறிச்சோடுவதை நாம் காண்கிறோம். பசி இழுக்கும் வழியே செல்லும் மானுக்கு அது இயல்பு. நிற்பதா, விலகுவதா என்று தெரிவுசெய்யக்கூடிய மனிதனுக்கோ அது குற்றம். நண்பனின் கோடைகாலத்திலும் அவன் படலையைத் திறந்து உள்ளே செல்பவனே நண்பன்.