தண்டியடிகள் பற்றிய கயிறு

சென்னை நந்தனத்தில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்று உளது. ஹாரி குரோ பக் என்பவர் 1920 ஆம் ஆண்டில் தொடங்கியது அது. ஆங்குப் பயில்வார் ஓடியும் தாண்டியும் தம் யாக்கையை உரப்படுத்துதல் மகிழ்தற்குரியதே. ஆயினும், காலூனமுற்றான் ஒருவன் அதனைக் காணுங்கால், 'இவர் பெற்ற உடலை யான் பெற்றிலேன். இனி என்னால் ஆவது யாது?' என்று உள்ளஞ் சாம்புதல் கூடும். அச்சாம்புதல் பணிவோ, மலமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

யாக்கை உயிரன்று. தனு கரண புவன போகங்கள் ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு இறைவன் மாயையினின்றும் படைத்தளித்த கருவிகள் என்பது சித்தாந்தம். பொழுது புலருமளவும் கைவிளக்கு உதவுமாறு போல இவை உதவும். விளக்குச் சிறிதாயின் அடி பார்த்து மெல்ல நடக்க வேண்டுவதேயன்றி, நடையை ஒழிக்க வேண்டுவதில்லை. ஊனம் கருவியைச் சார்ந்தது, உயிரைச் சார்ந்ததன்று.

'யான் வல்லேன்' என்பது ஆணவத்தின் கூற்று என யாவரும் அறிவர். 'யான் மாட்டேன்' என்பதும் அதன் கூற்றேயாதலைப் பலர் அறியார். இரண்டிடத்தும் முதலாக வைக்கப்படுவது 'யான்' ஒன்றே. இரண்டிடத்தும் மறக்கப்படுவது திருவருள். அற்றேல், மாணிக்கவாசகர் தம்மை நாயினுங் கடையராகக் கூறிக்கொண்டது என்னையெனின், அவர் அங்ஙனங் கூறித் தொண்டினின்றும் விலகினாரல்லர் என்க. பணிவு பணியை நிறுத்தாது, நிறுத்துவது மலம்.

இதனை விளங்கக் காட்டுவது திருவாரூர்த் தண்டியடிகள் வரலாறு. பிறவியிலேயே கண்ணிலராகிய அடிகள், திருக்கோயிலின் மேற்பாலுள்ள குளம் இடங்குறைந்து தூர்ந்திருத்தலை அறிந்து, அதனைத் தாமே அகழத் துணிந்தார். அவர் கண் பெறுமளவும் காத்திருந்திலர்; பிறர் செய்க என்று விட்டுவிட்டதுமில்லை. குளத்தினுள்ளே ஒரு தறி நட்டார். கரைமேல் ஒரு தறி நட்டார். இரண்டிற்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டு இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையிற் சுமந்து, மீண்டும் கயிற்றைத் தடவிக்கொண்டு கரையேறிக் கொட்டினார். எள்ளியோர், 'கண்தான் இல்லை, செவியும் இழந்தனையோ?' என வினவியதும், மண்வெட்டியையும் தறியையும் பறித்ததும் சேக்கிழார் கூறுவன. அப்புராணத்து வரும் சமயப் பூசல் வேறு பொருள், அது நிற்க. ஈண்டுக் கருதற்பாலது அந்தக் கயிறு. அரசன் முன்னிலையில் அடிகள் குளத்துள் மூழ்கிக் கண்பெற்று எழுந்தது பின் நிகழ்ந்தது. அருள் முதலிற் கண்ணாய் வந்திலது. கயிறு கட்டும் கருத்தாய் வந்தது. சுந்தரமூர்த்தி நாயனாரும் திருத்தொண்டத்தொகையில் இக்கண்ணிலாரைப் பார்வை மிக்கார் என்னும் பொருள்பட விதந்தோதினார்.

அந்நாயனார் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. திருவொற்றியூரை நீங்கிக் கண்ணிழந்த அவர், திருவெண்பாக்கத்தில் இறைவனை வேண்டியபோது பெற்றது கண்ணன்று; ஊன்றுகோல். அவர் மனம் நொந்து இறைவனை வெளிப்படக் கடிந்து பாடினார். பாடினாரேனும் கோலை எறிந்திலர். அதனை ஊன்றியே காஞ்சிக்கு நடந்தார். ஆங்கு இடக்கண்ணும், பின்னர்த் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். அடியார்க்கு நோதலும் உண்டு, கடிதலும் உண்டு. நடத்தல் மட்டும் ஒழிவதில்லை.

இவரெல்லாம் கண் பெற்றவராயிற்றே, பெறாதார் நிலை என்னை எனின், இரட்டையரை நோக்குக. ஒருவர் குருடர், ஒருவர் முடவர். முடவர் வழிகூறக் குருடர் அவரைத் தோளிற் சுமந்தார். வெண்பாவில் ஒருவர் முற்பாதி பாட மற்றவர் பிற்பாதி முடித்தனர் என்ப. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர் அருளியவை. நம் காலத்தும், சேலத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதிற் பேருந்து மோதி வலக்கால் சிதைந்தவர். 2016 இல் ரியோ நகரத்துப் பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரந் தாண்டிப் பொற்பதக்கமும், டோக்கியோவின்கண் 2021 இல் வெள்ளியும், பாரிசில் 2024 இல் வெண்கலமும் கொண்டார். அக்கால் இன்றும் அவ்வாறே உளது.

இனி ஒன்று கூறல் வேண்டும். ஊனமுற்றாரைக் கண்டவழி, 'வினைப்பயன்' என்று ஒரு சொற் சொல்லிக் கடந்துபோவார் நம்முள்ளும் உளர். பிராரத்தம் என்பது நுகர்வோன் தன் துன்பத்தைப் பொறுத்தற்பொருட்டுத் தானே எண்ணிக்கொள்ளத்தக்கது. அயலான் அவன்மேற் கூறும் தீர்ப்பன்று. அங்ஙனங் கூறுவார்க்கும் அடிகளின் தறியைப் பறித்தார்க்கும் வேற்றுமை சிறிதே. நாள்தோறும் திருத்தொண்டர் புராணம் ஓதப்பெறும் திருக்கோயில்களிலேயே, உயர்ந்த படியேற மாட்டாமையின் வாயிலில் நின்று கும்பிட்டு மீளும் அன்பர் பலர்; பற்றியேற ஒரு கைப்பிடியும் ஆங்கில்லை.